மாதச் சுழற்சியும் ரத்தக்குழாயும்: அளந்த நாளைக் கேட்காமல் அளவைப் படிக்க முடியாது

உடல்நலமுள்ள இளம்பெண் ஒருவரின் மேற்கைத் தமனியை ஒரே மாதத்தின் மூன்று வெவ்வேறு நாட்களில் அல்ட்ராசவுண்டில் பார்த்தால், மூன்று வெவ்வேறு விடைகள் வரக்கூடும். 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். கைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சில நிமிடம் நிறுத்தித் திரும்ப விட்டால் தமனி எவ்வளவு விரிகிறது என்பதே அவர்கள் அளந்தது. ரத்தப்போக்கு நாட்களில் சுமார் 11 சதவீதம் விரிந்த குழாய், கருமுட்டை வெளிப்படுவதற்கு முந்தைய நாட்களில் சுமார் 18 சதவீதம் விரிந்தது. ரத்தப்போக்கு நாட்களின் அளவு ஆண்களின் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். பெண்களுக்கு மாரடைப்பு தாமதமாக வருவதற்கு ஈஸ்ட்ரோஜன்தான் காவல் என்று மருத்துவ உலகம் பெரிதும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. எண்கள் அந்த நம்பிக்கைக்கு வாகாக அமைந்தன.

பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு இணக்கமாக இல்லை. சிலர் அதே ஏற்றத்தைக் கண்டார்கள், சிலர் அதில் பாதியைக் கண்டார்கள், சிலருக்கு எந்த வேறுபாடும் கிடைக்கவில்லை. 2020-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு 30 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. சுழற்சியின் முதல் நாட்களைவிடக் கருமுட்டை வெளிப்படும் தறுவாயில் பெரிய தமனிகள் சற்றே நன்றாக விரிகின்றன என்ற முடிவு நின்றது. ஆனால் அதைத் தாங்கும் சான்றின் தரம் மிகக் குறைவு என்றும் அந்தக் குழுவே எழுதியது. ஆக, மாற்றம் இருக்கிறது, சிறியது, அளப்பவர் கொஞ்சம் அசந்தால் காணாமல் போய்விடும்.

சிறியது என்றால் விட்டுவிடலாமே என்று தோன்றும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அப்படி விட முடியாததற்குக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே சர்க்கரை நோயும் இளவயது மாரடைப்பும் அதிகம் என்பது பல பத்தாண்டுகளாகப் பதிவான செய்தி. சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ முப்பது வயதுப் பெண் ஒருவர் கிளினிக்கில் பிரஷர் பார்க்க உட்காரும்போது அம்மாவுக்குச் சுகர், அப்பாவுக்கு பைபாஸ் என்ற வரலாறும் கூடவே வந்து உட்காருகிறது. அப்போது காட்டும் எண்ணில் எவ்வளவு நோய், எவ்வளவு நாள் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. இதைவிட அவசரமான காரணம், காவடிக்கும் தீமிதிக்கும் மாதவிடாய் நாளைத் தள்ளிப்போட விழுங்கும் மாத்திரை. அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

குழாயின் உட்சுவர் செய்யும் வேலை

எல்லா ரத்தக்குழாய்களின் உட்புறத்திலும் ஒற்றை அடுக்கு செல்களால் ஆன ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. எண்டோதீலியம் என்பார்கள். 1980 வரை இதை வெறும் உறை என்றே பலர் நினைத்திருந்தார்கள். அந்த ஆண்டு ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து ஒன்றைக் காட்டினார். அசிட்டைல்கோலின் பட்டதும் விரிய வேண்டிய துண்டு, உட்புறத்தைத் தேய்த்துவிட்டால் விரிவதில்லை. விரியச் சொல்லும் ஏதோ ஒரு பொருள் உட்பூச்சிலிருந்துதான் புறப்படுகிறது என்று தெரிந்தது. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேலை நடக்கும் விதம் இப்படி: ரத்தம் வேகமாகப் பாயும்போது உட்பூச்சின்மேல் உராய்வு கூடுகிறது. அதை உணர்ந்த செல்கள் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகின்றன. வாயு அடுத்த அடுக்கிலுள்ள தசைச் செல்லுக்குள் ஊடுருவி, சைக்ளிக் ஜி.எம்.பி. என்னும் பொருளைக் கூட்டி, தசையைத் தளர்த்துகிறது. குழாய் அகலமாகிறது. சில நொடிகளில் வாயு அழிந்துவிடும். தொடர்ந்து விரிந்திருக்க வேண்டுமானால் தொடர்ந்து உண்டாக்க வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் இந்த இடத்தில் இரண்டு வேகங்களில் தலையிடுகிறது. உட்பூச்சுச் செல்களின் மேல்சவ்விலேயே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் சில இருக்கின்றன. ஹார்மோன் அவற்றைத் தொட்டதும் சில நிமிடங்களுக்குள் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி செய்யும் நொதி முடுக்கப்படுகிறது. இது விரைவு வழி. செல்லின் கருவுக்குள் போய், அந்த நொதியையே அதிக எண்ணிக்கையில் செய்யச் சொல்வது மெதுவான வழி. அதற்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும். கூடவே குழாயை விரிக்கும் புரோஸ்டாசைக்ளின் கூடுகிறது, சுருக்கும் எண்டோதீலின் குறைகிறது.

புரோஜெஸ்டெரோன் என்ன செய்கிறது என்பதில்தான் இழுபறி. அது ஈஸ்ட்ரோஜனின் வேலையை மட்டுப்படுத்துகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. சினைப்பை இயற்கையாகச் சுரக்கும் புரோஜெஸ்டெரோன் தானே குழாயை விரிக்கவும் செய்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. 2001-இல் ஆஸ்திரேலியாவில் 15 பெண்களைச் சுழற்சியின் நான்கு கட்டங்களில் அளந்தபோது, கருமுட்டை வெளிப்படும் முன் ஏறிய விரிதிறன், வெளிப்பட்ட உடனே வரும் நாட்களில் சட்டென்று இறங்கி, பின் மாதக் கடைசியில் மறுபடி ஏறியது. ஜப்பானிய ஆய்விலோ கருமுட்டை வெளிப்பட்டபின் வரும் பிற்பாதியிலும் அளவு உயர்ந்தே நின்றது. இரண்டும் முரண் போலத் தோன்றும். ஆனால் ‘பிற்பாதி’ என்பது இரண்டு வார நீளம். அதில் எந்த நாளைத் தேர்ந்தார்கள் என்பதே விடையைப் பாதி முடிவுசெய்துவிடுகிறது. ஒரு நாளை எடுத்து அதற்குக் ‘கட்டம்’ என்று பெயர் வைக்கும் பழக்கம் இந்தத் துறையில் நிறைய குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது.

ஹார்மோன் அளவுகளையும் பார்த்துவிடுவோம். இங்குள்ள ஆய்வகங்கள் தரும் அலகிலேயே சொல்கிறோம். ரத்தப்போக்கு நாட்களில் எஸ்ட்ராடியோல் லிட்டருக்குச் சுமார் 100 முதல் 200 பைக்கோமோல். கருமுட்டை வெளிப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு அது 700-ஐத் தாண்டும், சிலருக்கு 1,400 வரைகூடப் போகும். பிறகு சரிந்து, பிற்பாதியின் நடுவில் இரண்டாவது முறையாக நடுத்தர அளவுக்கு எழும்பும். புரோஜெஸ்டெரோன் முற்பாதியில் இருப்பதே தெரியாது. பிற்பாதியின் நடுவில் பத்து மடங்குக்கு மேல் கூடியிருக்கும். கரு தங்காவிட்டால் இரண்டும் ஒருசேர விழும். குழாய்களுக்கு அந்த வீழ்ச்சியே பெரிய நிகழ்ச்சி.

கருப்பைக்குள் நடக்கும் நாடகம்

மேற்கைத் தமனியில் ஐந்து சதவீதமா ஏழு சதவீதமா என்று விவாதிக்கிறோம். கருப்பையின் உட்சுவரிலோ யாரும் விவாதிக்கத் தேவையில்லாத அளவுக்கு மாற்றம் நடக்கிறது. அங்குள்ள தமனிகள் திருகிச் சுருண்டவை. சுருள் தமனிகள் என்றே பெயர். ரத்தப்போக்கு நாட்களில் 1 முதல் 4 மி.மீ. தடிமனாக இருந்த உட்சுவர், பிற்பாதியில் 7 முதல் 16 மி.மீ. வரை வளர்கிறது. சுவர் வளரும் வேகத்துக்கு ஈடுகொடுக்க இந்தத் தமனிகள் மேலும் மேலும் சுருள்கின்றன.

இதைக் கண்ணாலேயே பார்த்தவர் ஜே. இ. மார்க்கீ. ரீசஸ் குரங்குகளின் கருப்பை உட்சுவரில் சிறு துணுக்கு எடுத்து, அதே குரங்கின் கண்ணின் முன்னறையில் ஒட்டவைத்தார். கண்ணின் முன்புறப் படலம் (கார்னியா) கண்ணாடி போல் தெளிவானது என்பதால், ஒட்டிய திசு சுழற்சிக்கேற்ப வளர்வதையும் வெளுப்பதையும் கசிவதையும் உருப்பெருக்கியின் வழியே நாள்தோறும் பார்க்க முடிந்தது. 1940-இல் அவர் எழுதியதன் சாரம் இது: ஹார்மோன் விழுந்ததும் திசு சுருங்குகிறது, சுருள் தமனிகள் இன்னும் நெருக்கமாகச் சுருண்டு ஓட்டம் மந்தமாகிறது. ரத்தம் கசிவதற்கு 4 முதல் 24 மணிநேரம் முன்பு தமனிகள் இறுகி மூடிக்கொள்கின்றன. ரத்தம் கிடைக்காத திசு நலிகிறது. பிறகு தமனி ஒவ்வொன்றாகத் தளரும்போது நலிந்த சுவரைக் கிழித்துக்கொண்டு ரத்தம் வெளியேறுகிறது.

இறுக்கச் சொல்லும் பொருட்களில் முதன்மையானது புரோஸ்டாகிளாண்டின் எஃப்-2-ஆல்ஃபா. அது கருப்பைத் தசையையும் முறுக்கும். வயிற்றுவலியின் பெரும்பங்கு இதுதான்: தசை இறுகுவதும், அந்தத் தசைக்கே ரத்தம் குறைவதும். ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரை வலியை மறைப்பதோடு நிற்காமல் இந்தப் பொருள் உண்டாவதையே குறைக்கிறது. அதனால் வலி உச்சத்துக்குப் போனபின் போடுவதைவிட, ரத்தமோ வலியோ தலைகாட்டிய உடனே 400 மி.கி. போடுவது நன்றாக வேலை செய்யும். பிறகு தேவைப்பட்டால் 6 முதல் 8 மணிநேர இடைவெளியில். வெறும் வயிற்றில் கூடாது. விரத நாளில் இது முக்கியம். எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் போடக் கூடாது. உப்பையும் நீரையும் உடலில் தேக்கி அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்கான ரத்த ஓட்டத்தையும் குறைக்கும்.

ஒரு மாதத்தில் சராசரியாக இழக்கும் ரத்தம் 30 முதல் 40 மி.லி. 80 மி.லி.க்கு மேல் போனால் அதிகப்போக்கு. ஒரு மி.லி. ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. அதிகப்போக்கு மாதாமாதம் தொடர்ந்தால் சோகை வரும். சோகை வந்த உடலில் ரத்தம் நீர்த்து, குழாய்கள் விரிந்து, இதயம் வேகமாக அடிக்கும். படபடப்பு என்று வரும் இளம்பெண்ணுக்கு ஈ.சி.ஜி. எடுக்கும் அதே நேரத்தில் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும்.

மேற்கையில் அளப்பது எப்படி, எங்கே தவறுகிறது

ஆய்வுகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று புரிய, அளவு எடுக்கும் முறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த முறையை 1992-இல் செலர்மேஜரும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள்.

அளவுக்கு வருபவர் குறைந்தது 6 மணிநேரம் சாப்பிடாமல், காப்பி, டீ, புகை, உடற்பயிற்சி எதுவும் இல்லாமல் வர வேண்டும். அமைதியான, ஒரே வெப்பநிலையில் வைத்த அறையில் படுத்துக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு. பிறகு முழங்கை மடிப்புக்குச் சில சென்டிமீட்டர் மேலே, மேற்கைத் தமனியை அல்ட்ராசவுண்டில் நீளவாக்கில் பிடித்து விட்டத்தைப் பதிவுசெய்வார்கள். காற்றுப்பட்டை முன்கையில், அதாவது பார்க்கும் இடத்துக்குக் கீழே இருக்கும். அதை மேல் பிரஷரைவிடக் குறைந்தது 50 புள்ளி கூடுதலாக ஊதி, 5 நிமிடம் வைத்திருப்பார்கள். திறந்துவிட்டதும் ரத்தம் பாய்ந்து வரும். அந்த உராய்வில் உட்பூச்சு நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தமனி உச்ச அகலத்தை அடையும். மூன்று நிமிடம் வரை பதிவு தொடரும். விரிந்த அளவைத் தொடக்க அளவின் சதவீதமாகச் சொல்வார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தொடக்க விட்டம் 3.0 மி.மீ. விரிந்தபின் 3.2 மி.மீ. ஏற்றம் 6.7 சதவீதம். சுவரின் விளிம்பைக் குறிக்கும்போது 0.1 மி.மீ. தவறினால் விடை 3.3 அல்லது 10 சதவீதம் ஆகிவிடும். மாதச் சுழற்சியால் வரும் மாற்றமே பல ஆய்வுகளில் இந்த அளவுதான். கருவி நுனி சற்று நழுவினாலோ, படுத்திருப்பவர் தோளை அசைத்தாலோ ஒரு மாத ஹார்மோன் மாற்றத்துக்குச் சமமான பிழை வந்துவிடும். அதனால்தான் விளிம்பைக் கண்ணால் குறிப்பதை விட்டு, மென்பொருளால் தொடர்ந்து பின்பற்றும் முறைக்கு மாறினார்கள்.

பட்டையை முன்கையில் கட்டாமல் மேற்கையில் கட்டினால் விரிவு பெரிதாகத் தெரியும். ஆனால் அப்போது அளக்கும் தமனியே ரத்தமின்றித் தவித்திருக்கும். விரிவில் நைட்ரிக் ஆக்சைடு மட்டுமின்றி வேறு காரணங்களும் கலந்துவிடும். பழைய ஆய்வுகளில் சதவீதம் பெரிதாக இருந்தால் பட்டை எங்கே இருந்தது என்று முதலில் பார்ப்பது நல்ல வழக்கம். இன்னொரு பொறி தொடக்க விட்டம். ஈஸ்ட்ரோஜன் மிகுந்த நாளில் ஓய்விலேயே தமனி கொஞ்சம் அகன்றிருந்தால், அதன்மேல் விரியும் சதவீதம் குறைந்தாற்போல் தோன்றும். குழாய் நன்றாக இருப்பதாலேயே மதிப்பெண் குறையும் வேடிக்கை இது.

அடுத்து, நாள். ஆய்வுத்தாள்கள் பலவற்றில் ‘14-ஆம் நாள் கருமுட்டை வெளிப்பாடு’ என்று நாட்காட்டியை வைத்தே முடித்துவிடுகிறார்கள். நடப்பில் ஆரோக்கியமான சுழற்சி 24 நாளும் இருக்கலாம், 38 நாளும் இருக்கலாம். பிற்பாதி ஏறக்குறைய நிலையானது, சுமார் 14 நாள். நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முற்பாதி. 32 நாள் சுழற்சி உள்ளவருக்குக் கருமுட்டை 18-ஆம் நாள் அளவில்தான் வெளிப்படும்; அவரை 12-ஆம் நாளில் ‘ஈஸ்ட்ரோஜன் உச்சம்’ என்று அளந்தால் உச்சம் இன்னும் வந்திருக்காது. உச்சமோ ஓரிரு நாள்தான் நிற்கும். தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

சரியாகப் பிடிக்க விரும்புபவருக்கு கருமுட்டை வெளிப்படத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும், மருந்துக்கடையில் கிடைக்கும் பட்டை போதும். வழக்கமான சுழற்சி நீளத்திலிருந்து 17-ஐக் கழித்தால் வரும் நாளில் தொடங்கி, தினமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். 28 நாள் என்றால் 11-ஆம் நாள். கோடு அழுத்தமாக வந்ததிலிருந்து ஒன்றரை நாளுக்குள் கருமுட்டை வெளிப்படும் என்று எதிர்பார்க்கலாம். காலையில் எழுமுன் எடுக்கும் உடல் வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறி மூன்று நாள் நிலைத்தால், வெளிப்பாடு நடந்து முடிந்தது என்று பொருள். அது முன்கூட்டிச் சொல்லாது. உறுதி வேண்டுமென்றால் அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு ரத்தத்தில் புரோஜெஸ்டெரோன் பார்க்கலாம். ஆய்வுகளில் லிட்டருக்கு 16 நானோமோலுக்கு மேல் இருந்தால்தான் கருமுட்டை வெளிப்பட்ட சுழற்சி என்று எடுத்துக்கொள்வது இப்போது பரிந்துரைக்கப்படும் வழி. ரத்தப்போக்கு மாதம் தவறாமல் வருகிறது என்பது மட்டும் கருமுட்டை வெளிவந்ததற்குச் சான்றாகாது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களிடம் இது அடிக்கடி ஏமாற்றும்.

இவ்வளவு தொல்லை எதற்கென்று பெண்களை ஆய்விலேயே சேர்க்காமல் விட்டவர்கள் நிறைய. சேர்த்தவர்களும் எல்லோரையும் 1 முதல் 7-ஆம் நாளுக்குள் அளந்துவிடுவார்கள். ஒப்பிட வசதி, ஆனால் மாதத்தின் மிகக் குறைந்த அளவையே ‘பெண்ணின் அளவு’ என்று எழுதிவைத்தது போலவும் ஆகிவிடுகிறது. எங்களுக்கு இந்தக் குறுக்குவழியில் உடன்பாடில்லை.

பிரஷர், நாடித்துடிப்பு, வெயில்

சாதாரண பிரஷரில் சுழற்சியால் வரும் மாற்றம் சில புள்ளிகள்தான். ரத்தப்போக்கு தொடங்கும் நாட்களில் கீழ் அளவு கொஞ்சம் கூடித் தெரியலாம். பிற்பாதியில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 2 முதல் 4 கூடும். கைக்கடிகாரத்தில் ஓய்வு நாடியைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள், மாதக் கடைசியில் அது ஏறுவதைக் காய்ச்சல் என்றோ உடற்பயிற்சி கெட்டுப்போனது என்றோ எண்ண வேண்டியதில்லை.

புரோஜெஸ்டெரோன் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டெரோனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு உப்பை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் விடுமா? ரெனினையும் ஆல்டோஸ்டெரோனையும் கூட்டி ஈடுகட்டுகிறது. உடம்பு ஊதியது போன்ற உணர்வு, பலரும் நினைப்பது போல ஒரு வாரம் முன்பு இல்லாமல், ரத்தப்போக்கின் முதல் நாளில்தான் உச்சத்தைத் தொடுகிறது.

மாதத்தில் எந்த நாளாக இருந்தாலும் 140/90-க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் அதற்குச் சுழற்சியைக் காரணம் சொல்லக் கூடாது. சில புள்ளிகளைத்தான் சுழற்சி நகர்த்தும். 120-ஐ 150 ஆக்காது. வீட்டில் பார்ப்பவர்கள் 5 நிமிடம் உட்கார்ந்தபின், காலையிலும் மாலையிலும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு அளவு, ஏழு நாள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பார்க்க வேண்டும். 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும். பக்கத்தில் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று எழுதிவிட்டால், மூன்று மாதம் கழித்து ஒப்பிடும்போது வாரத்தோடு வாரம் பொருந்தும்.

தைப்பூசம் டர்பனில் புழுக்கம் உச்சத்தில் இருக்கும் கோடையில் வருகிறது. பிற்பாதியில் இருக்கும் பெண்ணின் உடல் வெப்பம் ஏற்கனவே 0.3 முதல் 0.5 டிகிரி கூடுதலாக இருக்கும்; வியர்வை சுரக்கவும் தோல் குழாய்கள் விரியவும் தொடங்கும் எல்லையும் அதற்கேற்ப மேலே நகர்ந்திருக்கும். இது தனியாக ஆபத்தில்லை. விரதம், குறைந்த நீர், வெயிலில் மணிக்கணக்காக நிற்பது எல்லாம் சேரும்போதுதான் ரத்தம் கால்களில் தேங்கித் தலைக்குக் குறைந்து மயக்கம் வரும். ஊர்வலம் நின்றுவிட்டால் சும்மா நிற்காமல் குதிகாலை உயர்த்தித் தாழ்த்திக் கெண்டைக்கால் தசையை இயக்க வேண்டும். கண் இருண்டால் உடனே உட்கார்ந்து தலையைத் தாழ்த்த வேண்டும். விரதம் பால், பழம், இளநீரை விலக்காதது என்றால் அவற்றை விடாமல் எடுத்துக்கொள்வது நல்லது.

நாள் தள்ளும் மாத்திரை

காவடிக்கோ, புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கோ, ஆடிக் கஞ்சிப் பூசைக்கோ நாள் முட்டுகிறது என்றால் மாத்திரை கேட்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தீட்டு பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு விஷயம். மாத்திரை ரத்தக்குழாயை என்ன செய்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

வழக்கமாகத் தருவது நோரெதிஸ்டெரோன் 5 மி.கி., நாளைக்கு மூன்று வேளை, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கு வரும். தேதிக்கு முந்தின நாள் தொடங்கினால் வேலை செய்யாது. சுருள் தமனிகளின் இறுக்கம் ஏற்கனவே தொடங்கியிருக்கும், கறை படும். இது கருத்தடை மாத்திரையும் அல்ல.

பெயரளவில் இது புரோஜெஸ்டெரோன் வகை மட்டும்தான். அதனால் ரத்தம் உறையும் அபாயம் இதற்கில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நோரெதிஸ்டெரோனின் ஒரு சிறு பகுதி உடலுக்குள் எதினைல் எஸ்ட்ராடியோலாக மாறுகிறது. கருத்தடைக்கு எடுக்கும் 0.35 மி.கி. அளவில் அது பொருட்டே இல்லை. நாளைக்கு 10 முதல் 20 மி.கி. எடுக்கும்போது, 20 முதல் 30 மைக்ரோகிராம் எதினைல் எஸ்ட்ராடியோல் கொண்ட கூட்டுக் கருத்தடை மாத்திரைக்கு ஈடாகிவிடும். இந்தச் செயற்கை ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குழாயை விரிக்கிறது என்பதால் மாத்திரையும் குழாய்க்கு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது.

எனவே முன்பு கால் சிரையிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள், தலைவலிக்கு முன் கண்ணில் ஒளிக்கோடுகள் தெரியும் மைக்ரேன் உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள், கட்டுப்படாத பிரஷர் உள்ளவர்கள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், இவர்களுக்கு அது ஏற்றதல்ல. தோழி வீட்டில் மிச்சமிருந்த அட்டையை வாங்கி விழுங்குவதால் வரும் கேடு இதுதான்: இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. மருத்துவரிடம் கேட்டால், இப்படி மாறாத மெட்ராக்ஸிபுரோஜெஸ்டெரோன் பொருந்துமா என்று பார்த்துச் சொல்வார். ஏற்கனவே கூட்டு மாத்திரை எடுப்பவர் வெற்று மாத்திரை வாரத்தைத் தாண்டி அடுத்த அட்டையைத் தொடங்கினாலே நாள் தள்ளிப்போகும்.

திருவிழாவுக்கு ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஆறு மணிநேரம் காரில் வருபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். மாத்திரை, நீர் குறைந்த விரதம், மடக்கிய கால் மூன்றும் சேர்கின்றன. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று மாத ஊசி வேறு கதை. 150 மி.கி. டெப்போ மெட்ராக்ஸிபுரோஜெஸ்டெரோனை 12 வாரத்துக்கு ஒருமுறை போடுவது அரசு கிளினிக்குகளில் வெகு சாதாரணம். அது சினைப்பையை அடக்கி எஸ்ட்ராடியோலை முதல் வார அளவிலேயே நிறுத்திவைக்கிறது. 2002-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் நெடுநாள் ஊசி போட்டவர்களின் மேற்கைத் தமனி குறைவாகவே விரிந்தது. அதற்காக ஊசியை நிறுத்தச் சொல்ல அந்த ஒரு ஆய்வு போதாது. பிரஷர், சுகர், புகைப் பழக்கம் ஏதாவது இருப்பவர் வேறு முறை உண்டா என்று கேட்க அது போதும்.

நெஞ்சு வலியும் தேதியும்

ஹார்மோன் விழும் நாட்களில் கைக்கு வெளியேயும் குழாய்கள் குறும்பு செய்யலாம். மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை வரும் மைக்ரேன் இவ்வகை. அரிதாக இதயத் தமனியும் சுருங்கும். அடைப்பே இல்லாமல் தமனி திடீரென்று இறுகி வரும் நெஞ்சுவலி உள்ள மாதவிடாய் நிற்காத பெண்களை ஜப்பானில் தொடர்ந்து கண்காணித்தபோது, மாதக் கடைசியிலும் ரத்தப்போக்குத் தொடக்கத்திலுமே இதயத்துக்கு ரத்தம் குறையும் நிகழ்ச்சிகள் அதிகம் பதிவாயின. கைத்தமனி குறைவாக விரிந்ததும் அதே நாட்களில்தான். அப்படிப்பட்டவரின் ஈ.சி.ஜி. 13-ஆம் நாளில் எடுத்தால் குறையொன்றும் காட்டாமல் போகலாம்.

ஆகவே ஓய்வில், குறிப்பாக விடியற்காலையில், நெஞ்சு இறுக்கம் வந்து போகும் பெண் மருத்துவரிடம் கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியையும் வலி வந்த தேதிகளையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வலி பத்து நிமிடத்தைத் தாண்டினாலோ, வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவுதல் இருந்தாலோ தேதி பார்க்க நேரமில்லை. தென்னாப்பிரிக்காவில் 10177-ஐயோ, கைப்பேசியிலிருந்து 112-ஐயோ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும்.